வாத்தியாருக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை?

“காலேஜ் வாத்தியாருக்கு என்னய்யா குறைச்சல்? வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் பேசிவிட்டு வந்தால் போதும். வருஷத்தில் மூன்று மாசம் லீவு. மாசம் பிறந்தால் சம்பளம்.”

இந்தப் பேச்சு இல்லாத ஊர் இருக்காது. அமெரிக்காவிலும் இதே பேச்சுதான். என்ன, அங்கே இது டீக்கடையோடு நிற்காமல் சட்டமன்றத்துக்குப் போய், அங்கிருந்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்தக் கதை பின்னால் வரும்.

முதலில் ஒரு கேள்வி. வகுப்பில் நிற்கிற நேரம்தான் வாத்தியார் வேலை என்று யார் முடிவு செய்தது? பாடம் தயாரிக்கிற நேரம், விடைத்தாள் திருத்துகிற நேரம், “சார், ஒரு டவுட்டு” என்று வருகிற மாணவனோடு வராண்டாவில் நிற்கிற நேரம், இதெல்லாம் எந்தக் கணக்கில் வருகிறது? அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கு நூறு வருடத்துக்கு மேலாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் கையில் இருக்கும் அளவுகோல் வாத்தியார் வேலையை அளப்பதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. அது பரவியது ஒரு பென்ஷன் திட்டத்தால்!

இன்றைய ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டால் கதை புரிய வசதியாக இருக்கும். அமெரிக்கக் கல்லூரியில் முழுநேர ஆசிரியருக்கு ‘லோடு’ என்று ஒன்று உண்டு. உதாரணமாக, சமுதாயக் கல்லூரி எனப்படும் இரண்டு வருடக் கல்லூரிகளில் ஒரு செமஸ்டருக்கு வாரம் 15 மணி வகுப்பு என்பது வழக்கமான முழு லோடு. வாரத்துக்கு மூன்று மணி வகுப்புள்ள பாடங்கள் ஐந்து. அதற்கு மேல் ஆறாவதாக ஒரு பாடம் எடுத்தால் அது ‘ஓவர்லோடு’. அதற்குத் தனிப் பணம். ஐந்துக்குக் கீழே போனால் லோடு நிரம்பவில்லை என்று அர்த்தம். எங்கிருந்தாவது ஒரு வகுப்பைக் கொண்டுவந்து நிரப்பியாக வேண்டும். இந்த ‘மணி’ என்பதும் பல இடங்களில் ஐம்பது நிமிடம்தான். பள்ளிக்கூடத்துப் பீரியட் மாதிரி.

இனி கதை.

ஆண்ட்ரூ கார்னெகி பெரிய ஸ்டீல் முதலாளி. 1890-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானார். அங்கே பேராசிரியர்களின் சம்பளப் பட்டியலைப் பார்த்தவருக்கு அதிர்ச்சி. இவ்வளவு படித்தவர்களுக்கு இவ்வளவுதானா? இந்தச் சம்பளத்தில் எதைச் சேமித்து வைத்து வயதான காலத்தில் சாப்பிடுவார்கள்? 1901-ல் கம்பெனியை விற்றுவிட்டுத் தர்மம் செய்ய உட்கார்ந்தபோது அது அவர் மனசில் இருந்தது. 1905-ல் ஒரு கோடி டாலர் ஒதுக்கினார். கல்லூரி ஆசிரியர்களுக்கு இலவச பென்ஷன். அதை நடத்த ஓர் அறக்கட்டளை. அதன் முதல் தலைவர், அப்போது எம்.ஐ.டி.யின் தலைவராக இருந்த ஹென்றி பிரிட்செட். நிர்வாகக் குழுவில் ஹார்வர்டின் சார்ல்ஸ் எலியட், பிரின்ஸ்டனின் உட்ரோ வில்சன் (பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியானவர்) எல்லோரும் இருந்தார்கள்.

பணம் ரெடி. யாருக்குக் கொடுப்பது? கல்லூரி ஆசிரியர்களுக்கு. சரி, கல்லூரி என்றால் எது?

சிரிக்காதீர்கள், அந்தக் காலத்து அமெரிக்காவில் இது நிஜமான பிரச்னை. ஊருக்கு ஊர் ‘காலேஜ்’ என்று போர்டு மாட்டியிருந்தார்கள். சிலது நல்ல கல்லூரி. சிலது உயர்நிலைப் பள்ளிக்கும் கீழே. அறக்கட்டளை ஓர் இலக்கணம் வகுத்தது. தன் முழு நேரத்தையும் கல்லூரி வேலைக்கே தருகிற பேராசிரியர்கள் குறைந்தது ஆறு பேராவது இருக்க வேண்டும். நான்கு வருடப் படிப்பு இருக்க வேண்டும். சேருகிற மாணவன் நான்கு வருட உயர்நிலைப் பள்ளி முடித்திருக்க வேண்டும். சர்ச்சின் கட்டுப்பாட்டில் இருக்கக் கூடாது. (இந்தக் கடைசி நிபந்தனைக்காகச் சில கல்லூரிகள் சர்ச் உறவையே வெட்டிக்கொண்டன. பென்ஷன் என்றால் சும்மாவா?)

நான்கு வருடப் பள்ளிப் படிப்பு என்றால் எவ்வளவு? அதற்கும் ஓர் அளவு வேண்டுமே. ஒரு பாடத்தில் ஒரு வருடத்தில் ஆசிரியரோடு 120 மணி நேரம் உட்கார்ந்தால் அது ஒரு ‘யூனிட்’. இப்படிப் பதினான்கு யூனிட் இருந்தால் மாணவன் கல்லூரிக்குத் தயார். இதுதான் புகழ்பெற்ற கார்னெகி யூனிட். யோசனை அறக்கட்டளைக்கு முன்பே கல்வியாளர்களிடம் இருந்ததுதான். ஆனால் அதன் பின்னால் பணம் வந்து நின்றது இப்போதுதான். பென்ஷன் வேண்டுமென்றால் யூனிட்டில் கணக்குச் சொல்லு! நாடு முழுக்கப் பள்ளிகளும் கல்லூரிகளும் அந்த பாஷையில் பேச ஆரம்பித்துவிட்டன. கல்லூரிக்குள்ளேயும், ஒரு செமஸ்டரில் வாரத்துக்கு ஒரு மணி வகுப்பு என்றால் ஒரு கிரெடிட், 120 கிரெடிட் சேர்ந்தால் டிகிரி என்ற வழக்கம் படிப்படியாக ஊன்றிக்கொண்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இதுவரை எண்ணப்பட்டவன் மாணவன். அவன் எத்தனை மணி உட்கார்ந்தான் என்பதுதான் கணக்கு. ஆசிரியரை யாரும் மணிக்கணக்கில் எடை போடவில்லை. அவரைப் பற்றி விதி சொன்னதெல்லாம் ‘முழு நேரத்தையும் தருகிறவர்’ என்பது மட்டுமே.

அளவுகோல் ஆசிரியர் பக்கம் திரும்பியது 1910-ல்.

அது ஃபிரெடரிக் டெய்லரின் காலம். கையில் ஸ்டாப் வாட்ச்சோடு தொழிற்சாலைக்குள் போய் ஒவ்வொரு தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்தாரே, அந்த டெய்லர். பெத்லஹேம் ஸ்டீல் ஆலையில் நாளைக்குப் பன்னிரண்டரை டன் இரும்புக்கட்டி தூக்கிக்கொண்டிருந்த இடத்தில் 47 டன் தூக்க வைத்ததாக அவரே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். பிரிட்செட்டுக்கு ஆசை வந்தது. ஆலையை அளக்கலாம் என்றால் கல்லூரியை அளக்கக் கூடாதா? டெய்லரைக் கேட்டார். டெய்லர் தன் சீடர் மாரிஸ் குக்கை அனுப்பிவைத்தார். குக் ஒரு மெக்கானிக்கல் இன்ஜினீயர்.

குக் எட்டு இடங்களுக்குப் போனார்: ஹார்வர்ட், கொலம்பியா, பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., விஸ்கான்சின், வில்லியம்ஸ், ஹாவர்ஃபோர்ட், எல்லை தாண்டி கனடாவில் டொராண்டோ. எல்லா இடத்திலும் இயற்பியல் துறையை மட்டும் பார்த்தார். ஒரு விதத்தில் சரியான தேர்வுதான். லெக்சர், லேப், ஆராய்ச்சி மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் துறை அது. திரும்பி வந்து அறக்கட்டளையின் ஐந்தாவது வெளியீடாக ஓர் அறிக்கை தந்தார். தலைப்பிலேயே கல்வித் திறனையும் தொழில் திறனையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்.

ஆலையில் உற்பத்தியை டன்னில் அளக்கிறோம். கல்லூரியின் உற்பத்தியை எதில் அளப்பது? குக் கண்டுபிடித்த அலகு ‘மாணவர்-மணி’. ஒரு மாணவன் ஒரு மணி நேரம் லெக்சரிலோ லேப்பிலோ வகுப்பறையிலோ இருந்தால் ஒரு மாணவர்-மணி. நாற்பது பேர் வகுப்பு என்றால் ஒரு மணிக்கு நாற்பது. இருநூறு பேர் அரங்கு என்றால் இருநூறு. சம்பளத்தையும் கட்டடச் செலவையும் இதால் வகுத்தால் ஒரு மாணவர்-மணிக்கு எவ்வளவு அடக்கம் என்று வந்துவிடும். எந்தக் கல்லூரியில் மலிவு, எங்கே அதிகம் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குக்கை வில்லனாக்கிவிடுவது சுலபம். நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதி ஆசிரியர்களே சொல்ல நினைத்தது. பேராசிரியர்கள் ஸ்டாக் கணக்கெடுக்கிறார்கள், பரீட்சைத் தாளைத் தாங்களே நகல் எடுக்கிறார்கள், சில்லறைக் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார்கள். ஒரு கிளார்க்கை வைத்தால் முடிகிற வேலைக்கு ஏன் ஒரு விஞ்ஞானியின் நேரம் போக வேண்டும் என்று கேட்டார். இன்றைக்கும் எந்த ஸ்டாஃப் ரூமில் வேண்டுமானாலும் இதை உரக்கப் படிக்கலாம், கைதட்டல் நிச்சயம் :-)

மற்றப் பாதிதான் வயிற்றைக் கலக்கியது. ஆளாளுக்குத் தனித்தனியாக லெக்சர் நோட்ஸ் தயாரிப்பது வீண். ஒரே மாதிரியாகச் செய்து வைத்துக்கொண்டால் போதாதா? ஆயுளுக்கும் வேலை உத்தரவாதம் எதற்கு? ஆசிரியர்கள் கூடிக் கமிட்டி போட்டு நிர்வாகம் செய்வது எந்தத் தொழிலில் உண்டு?

இதற்குக் காட்டமான பதில் ஒன்று குக் அளந்த எட்டில் ஒன்றிலிருந்தே வந்தது. எம்.ஐ.டி.யின் அப்போதைய தலைவர் ரிச்சர்ட் மெக்லாரின், அதாவது பிரிட்செட் முன்பு உட்கார்ந்த நாற்காலியில் இருந்தவர், 1911-ல் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் எழுதினார். அவருடைய கிண்டலுக்குக் கிடைத்த ஆள் ஐசக் நியூட்டன். நியூட்டனின் உற்பத்தித் திறனை இந்த முறையில் கணக்கெடுத்தால் எப்படி இருக்கும் என்பதுதான் கேலி. வருடக்கணக்கில் ஒரு மனுஷன் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தால் அதை எந்தப் படிவத்தில் நிரப்புவது?

வாதத்தில் மெக்லாரின் ஜெயித்தார் என்றுதான் படிக்கிற யாருக்கும் தோன்றும். ஆனால் நடைமுறையில் ஜெயித்தது குக். அவருடைய மற்ற யோசனைகள் பலவற்றை மறந்துவிட்டார்கள். மணியை வைத்து ஆசிரியர் வேலையைக் கணக்கிடும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. மணியை எண்ணுவது அவ்வளவு சுலபம்! டைம்டேபிளைப் பார்த்தால் தெரிந்துவிடும். யாரையும் கேட்க வேண்டாம், எதையும் படிக்க வேண்டாம். (குக் பின்னாளில் வேறு விதத்தில் நல்ல பெயர் எடுத்தார். 1935-ல் ரூஸ்வெல்ட் ஆட்சியில் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் நிறுவனத்தின் முதல் தலைவர் அவர்தான்.)

மணிக்கணக்கில் என்ன விட்டுப்போகிறது என்று முதலில் கூச்சல் போட்டவர்கள் ஆங்கில ஆசிரியர்கள். காரணம் எளிது. கட்டுரைத் தாள். கணக்கு வாத்தியாருக்கும் ஆங்கில வாத்தியாருக்கும் ஒரே பதினைந்து மணிதான். ஆனால் ஆங்கில வாத்தியார் வீட்டுக்கு ஒரு மூட்டை கட்டுரை எடுத்துக்கொண்டு போவார். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் எட்வின் ஹாப்கின்ஸ் இதை வருடக்கணக்கில் ஆராய்ந்தார். 1912 ஜனவரியில் ‘இங்கிலிஷ் ஜர்னல்’ என்ற பத்திரிகையின் முதல் இதழ் வந்தது. அதில் முதல் கட்டுரை அவருடையது. இப்போதிருக்கிற நிலைமையில் கட்டுரை எழுத நன்றாகச் சொல்லித்தர முடியுமா என்பது தலைப்பு. முடியாது என்று ஒற்றைச் சொல்லில் பதிலைச் சொல்லிவிட்டுத்தான் கட்டுரையையே ஆரம்பிக்கிறார். எத்தனை மாணவர்கள், ஆளுக்கு எத்தனை பக்கம், ஒரு பக்கம் திருத்த எவ்வளவு நேரம் என்று பெருக்கிப் பார்த்தால் வாரத்தில் அத்தனை மணி நேரமே இல்லை. வாத்தியார் ஒன்று உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை தாளைப் படிக்காமல் மார்க் போட வேண்டும். நூறு வருடத்துக்குப் பிறகும் இந்தக் கணக்கில் மாற்றவேண்டிய வரி எதுவும் இல்லை.

பென்ஷன் திட்டம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இலவசமாகக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. 1918-ல் ஆசிரியரும் கல்லூரியும் சேர்ந்து பணம் கட்டும் முறைக்கு மாறிவிட்டது. பென்ஷனுக்காக வந்த யூனிட், இலவச பென்ஷன் போன பிறகும் போகவில்லை.

அடுத்த ஐம்பது வருடத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். 1915-ல் ஆசிரியர்கள் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் போர்வீரர்கள் அரசாங்கச் செலவில் கல்லூரிக்கு வந்தார்கள். வகுப்பறை நிரம்பி வழிந்தது. ஊருக்கு ஊர் சமுதாயக் கல்லூரி முளைத்தது. லோடு எவ்வளவு என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறுபட்டது. கடைசியில் 1969-ல் பேராசிரியர் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டு எண்களைப் போட்டது. இளநிலை வகுப்புகள் என்றால் வாரத்துக்கு அதிகபட்சம் 12 மணி. வருடத்தில் தனித்தனியாகத் தயாரிக்க வேண்டிய பாடம் ஆறுக்கு மேல் கூடாது. முதுநிலை என்றால் அதிகபட்சம் 9. நல்லபடியாக நடத்த வேண்டுமென்றால் இளநிலைக்கு 9, முதுநிலைக்கு 6.

அந்த ‘தனித்தனியாகத் தயாரிக்க வேண்டிய பாடம்’ என்ற வரியைப் பாருங்கள். ஒரே பாடத்தை நான்கு செக்ஷனுக்கு எடுப்பதும் நான்கு வெவ்வேறு பாடம் எடுப்பதும் டைம்டேபிளில் ஒன்றுதான். ராத்திரி உட்கார்ந்து தயாரிக்கிறவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். மணிக்கு வெளியே இருக்கும் வேலையை மணிக்கணக்குக்குள் கொண்டுவரும் முயற்சி அது. ஆனால் அறிக்கை சட்டமில்லையே! சங்கத்தின் சிபாரிசு, அவ்வளவுதான்.

நடைமுறையைப் பார்க்க கலிபோர்னியா மாநிலத்துக்குப் போக வேண்டும். 1960-ல் அந்த மாநிலம் உயர்கல்விக்கு ஒரு மாஸ்டர் பிளான் போட்டது. மேலே ஆராய்ச்சி செய்யும் கலிபோர்னியா பல்கலைக்கழகம். நடுவே மாநிலக் கல்லூரிகள் (இப்போது கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம்). கீழே சமுதாயக் கல்லூரிகள். ஒரே மாநிலம், ஒரே வரிப்பணம். சமுதாயக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவருக்குச் செமஸ்டருக்கு ஐந்து பாடம். நடுத்தட்டில் நான்கு. மேல்தட்டில் இன்னும் குறைவு, மீதி நேரம் ஆராய்ச்சிக்கு. ஆக லோடு என்பது வெறும் மணிக்கணக்கு இல்லை. ஆசிரியர் எந்தப் படியில் நிற்கிறார் என்பதையும் சொல்லிவிடும். அதிகக் கவனிப்பு தேவைப்படும் மாணவன் வந்து சேரும் இடம் சமுதாயக் கல்லூரி. அவனைக் கவனிக்க நேரம் குறைவாக இருக்கும் ஆசிரியரும் அங்கேதான்.

நடுத்தட்டில் ஒரு விசித்திரமான சூத்திரம் வைத்திருக்கிறார்கள். முழு லோடு 15 ‘எடையிட்ட யூனிட்’. அதில் 12 வகுப்புக்கு, மாணவர் ஆலோசனை, கமிட்டி முதலியவற்றுக்கு 3. ஒவ்வொரு வகுப்பு வகைக்கும் ஒரு பெருக்கல் எண் உண்டு. லெக்சர் ஒரு மணி என்றால் ஒரு யூனிட். லேப்? மூன்று மணி நேர லேப் நடத்தினால் இரண்டு யூனிட். அதாவது லேப்பில் ஒரு மணி நேரம் நின்றால் நாற்பது நிமிடம் நின்றதாகக் கணக்கு. லேப்பில் தயாரிப்பு குறைவு, திருத்தம் குறைவு என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆசிட் பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருபத்துநான்கு பேரைக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்கிற வேதியியல் ஆசிரியரிடம் இந்த நியாயத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும். சமுதாயக் கல்லூரிகளிலும் இதே சண்டை. லேப் மணியை லெக்சர் மணிக்குச் சமமாக்கு என்பது ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகளில் திரும்பத் திரும்ப வரும் கோரிக்கை.

இப்போது ஓவர்லோடு. அடிப்படை லோடு என்று ஒரு கோடு போட்டால்தானே அதற்கு மேல் என்பதே வரும்? கோடு போட்டதும் கோட்டுக்கு மேலே ஒரு சந்தை உருவாயிற்று.

ஒரு கணக்குக்குச் சொல்வோம். ஒருவருக்கு வருடச் சம்பளம் அறுபதாயிரம் டாலர், வருடத்துக்குப் பத்துப் பாடம். அப்படியானால் ஒரு பாடத்துக்கு ஆறாயிரம். பதினோராவதாக ஒரு பாடத்தை ஓவர்லோடாக எடுத்தால் ஆறாயிரம் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. ஓவர்லோடுக்குச் சம்பள விகிதம் கிடையாது. கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று தனி ரேட். அது பெரும்பாலும் பகுதிநேர ஆசிரியரின் ரேட்டை ஒட்டியே இருக்கும். மூவாயிரம், நாலாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலைத் தொழிலாளி ஓவர்டைம் பார்த்தால் ஒன்றரைப் பங்கு கூலி. கல்லூரி ஆசிரியர் ஓவர்லோடு பார்த்தால் முக்கால் பங்கு, அரைப் பங்கு! குக் பார்த்திருந்தால் மாணவர்-மணிக்கு அடக்க விலை குறைந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டிருப்பார்.

பிறகு ஏன் எடுக்கிறார்கள்? வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்புக் கடன். ஆசிரியருக்கும் வயிறு இருக்கிறதல்லவா. சில கலிபோர்னியக் கல்லூரிகளில் ஓவர்லோடைப் பணமாக வாங்காமல் சேர்த்து வைக்கலாம். வங்கியில் போட்ட மாதிரி. போதுமான அளவு சேர்ந்ததும் ஒரு செமஸ்டர் சம்பளத்தோடு லீவு எடுத்துக்கொள்ளலாம். கல்லூரிக்கும் வசதி. புதிதாக ஆள் எடுக்க வேண்டாம், இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டாம்.

அடி விழுவது பகுதிநேர ஆசிரியருக்கு. கலிபோர்னியாவில் அவருக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு. ஒரு கல்லூரி மாவட்டத்தில் முழு லோடில் 60 சதவீதத்துக்கு மேல் அவருக்குத் தரக் கூடாது. 2008-ல் நிறைவேறிய சட்டம் இதை 67 சதவீதமாக்கியது. பிழைப்புக்குப் போதாது என்பதால் காலையில் ஒரு கல்லூரி, மதியம் நாற்பது மைல் தள்ளி இன்னொன்று, சாயங்காலம் மூன்றாவது என்று கார் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ‘ஃப்ரீவே ஃப்ளையர்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. முழுநேர ஆசிரியர் ஓர் ஓவர்லோடு வகுப்பு எடுத்தால் இவர்களில் ஒருவருக்கு ஒரு வகுப்பு போகிறது. முழுநேர ஆசிரியரின் வகுப்பில் மாணவர் சேராமல் ரத்தானாலும் அப்படித்தான். அவருடைய லோடு நிரம்பியாக வேண்டுமே! பகுதிநேர ஆசிரியருக்குக் கொடுத்த வகுப்பைப் பிடுங்கி அவருக்குக் கொடுப்பார்கள். சில சமயம் செமஸ்டர் தொடங்குவதற்கு முதல் நாள்கூட. பாடம் தயாரித்து வைத்திருந்தவருக்கு அந்தத் தயாரிப்பு எந்தக் கணக்கிலும் வராது. மணி தொடங்கவே இல்லையே.

சங்கம் வைத்துப் பேரம் பேசினால் தீராதா? தனியார் பல்கலைக்கழகங்களில் அந்தக் கதவு பெரும்பாலும் 1980-ல் மூடப்பட்டது. நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. எந்தப் பாடம் நடத்துவது, எப்போது நடத்துவது, யாரைச் சேர்ப்பது என்றெல்லாம் அங்கே ஆசிரியர்களே முடிவு செய்கிறார்கள், ஆகவே அவர்கள் தொழிலாளிகள் அல்ல, நிர்வாகிகள் என்றது. நிர்வாகிக்கு எதற்குத் தொழிற்சங்கப் பாதுகாப்பு? (ஐந்தாம் பாடத்தையும் ஆறாம் பாடத்தையும் தலையில் வாங்கிக்கொள்கிற நிர்வாகி!)

அரசுப் பல்கலைக்கழகங்கள் மாநிலச் சட்டத்தின் கீழ் வருபவை. அங்கேதான் ஒஹையோவின் கதை.

1990-களின் தொடக்கத்தில் ஒஹையோ மாநிலத்தில் பணமுடை. அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று போய், வகுப்பில் நிற்பது குறைந்துவிட்டது என்று புகார். உயர்கல்வி வாரியமும் கற்பித்தல் பத்து சதவீதம் குறைந்திருப்பதாகவும் அதை மீட்க வேண்டும் என்றும் சொன்னது. 1993-ல் சட்டம் வந்தது. ஒவ்வோர் அரசுப் பல்கலைக்கழகமும் ஆசிரியர் பணிச்சுமைக்கு ஒரு கொள்கை வகுக்க வேண்டும். அந்தக் கொள்கையைப் பற்றித் தொழிற்சங்கத்தோடு பேரம் பேச வேண்டியதில்லை.

முதலில் மாட்டியது யார் தெரியுமா? ஆராய்ச்சியில் மூழ்கிக் கிடந்த பெரிய பல்கலைக்கழகம் எதுவும் இல்லை. வில்பர்ஃபோர்ஸ் என்ற சின்ன ஊரில் இருக்கும் சென்ட்ரல் ஸ்டேட் பல்கலைக்கழகம். 1887-ல் தொடங்கிய, கறுப்பின மாணவர்களுக்கான பாரம்பரியக் கல்வி நிலையம். அங்கே 1994-ல் நிர்வாகம் புதிய பணிச்சுமைக் கொள்கையை அறிவித்து, இதைப் பற்றிப் பேச முடியாது என்று சங்கத்திடம் சொல்லிவிட்டது. சங்கம் கோர்ட்டுக்குப் போனது. மற்ற அரசு ஊழியர்கள் எல்லோரும் தங்கள் வேலைச்சுமையைப் பற்றிப் பேரம் பேசலாம், நாங்கள் மட்டும் கூடாதா என்பது வாதம்.

1998-ல் ஒஹையோ உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. பேரம் பேசியதால்தான் கற்பித்தல் குறைந்தது என்பதற்குத் துளி ஆதாரமும் இல்லையே என்று கேட்டது. நல்ல கேள்வி. ஆனால் 1999 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. ஆதாரம் தேவையில்லை, சட்டமன்றம் நியாயமாக அப்படி நினைத்திருக்க முடியும் என்றாலே போதும் என்றது. நீதிபதி ஸ்டீவன்ஸ் ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். ஆக வகுப்பு மணி எத்தனை என்பது சட்டப்படி நிர்வாகத்தின் கையில். ஒஹையோ அதோடு நிற்கவில்லை. 2025-ல் வந்த சட்டம் அரசுக் கல்லூரிகளின் முழுநேர ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்வதையே தடை செய்தது.

மத்திய அரசாங்கமும் இந்தக் கணக்கில் இரண்டு முறை மூக்கை நுழைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். 2011-ல் நடைமுறைக்கு வந்த கல்வித்துறை விதி ஒரு கிரெடிட் மணிக்கு இலக்கணம் சொன்னது. வாரத்துக்கு ஒரு மணி வகுப்பு, அதற்கு வெளியே மாணவன் குறைந்தது இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும். மொத்தம் மூன்று. 2014-ல் வருமான வரித்துறை இன்னொரு கணக்குச் சொன்னது. புதிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படி வாரம் 30 மணி வேலை செய்கிறவர் முழுநேர ஊழியர். பெரிய நிறுவனங்கள் அவருக்குக் காப்பீடு தர வேண்டும், இல்லாவிட்டால் அபராதம் கட்ட நேரிடலாம். பகுதிநேர ஆசிரியரின் மணியை எப்படி எண்ணுவது? ஒரு மணி வகுப்புக்கு இரண்டேகால் மணி என்று வைத்துக்கொள்ளலாம் என்றது. அதாவது வகுப்பு ஒரு மணி, தயாரிப்பும் திருத்தமும் ஒன்றேகால். அரசாங்கக் கணக்குப்படி, ஒரே வகுப்புக்கு வாத்தியாரைவிட மாணவன்தான் அதிக நேரம் உழைக்கிறான்!

சிரிப்பு அங்கேயே நின்றது. நான்கு பாடம், 12 மணி, இரண்டேகாலால் பெருக்கினால் 27. கட்டாய ஆபீஸ் நேரம் மூன்று மணி சேர்த்தால் 30. எல்லைக்கோடு. பல கல்லூரிகள் என்ன செய்தன? காப்பீடு கொடுக்கவில்லை. பகுதிநேர ஆசிரியரின் பாடத்தைக் குறைத்தன.

(இந்தியாவிலும் இந்த மணிச் சண்டை உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010, 2018 விதிகளில் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி, அதற்கு மேலுள்ளவர்களுக்கு 14. இடையில் 2016 மே மாதம் 16-ஐ 18 ஆக்கி, அதன் மேல் டுடோரியல் 6 மணி என்று திருத்தம் வந்தபோது டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்த மறுத்தார்கள். ஒருவருக்கு மணி கூடினால் இன்னொரு தற்காலிக ஆசிரியருக்கு வேலை போகும் என்பது அவர்கள் வாதம். திருத்தம் சில வாரங்களில் வாபஸ் ஆனது.)

யூனிட்டைப் பரப்பிய கார்னெகி அறக்கட்டளையே 2015-ல் அதை மறுபடி எடுத்துப் பார்த்தது. குறை நிறைய, ஆனால் இடத்தில் வைக்க வேறொன்று தயாராக இல்லை என்ற மாதிரி முடித்தது. 2023-ல் அதே அறக்கட்டளை இந்த அளவைவிட்டு வெளியேற வழி தேடுகிறோம் என்று அறிவித்தது.

அதற்குள் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் சங்கம் பழைய வழியிலேயே ஒரு வெற்றி பெற்றிருந்தது. அது அரசுப் பல்கலைக்கழகம், யெஷிவா தீர்ப்பு அங்கே செல்லாது. நெடுங்காலப் பேச்சுவார்த்தைக்குப் பின் 2017 டிசம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. நான்கு வருடக் கல்லூரிகளில் வருடத்துக்கு 21 மணி என்பது 18 ஆகும். சமுதாயக் கல்லூரிகளில் 27 என்பது 24 ஆகும். வருடத்துக்கு ஒரு பாடம் குறைவு. மிச்சமாகும் நேரம் மாணவரோடு தனியாக உட்காரவும் ஆராய்ச்சிக்கும். அதையும் ஒரேயடியாகக் கொடுக்கவில்லை. 2018 செப்டம்பர் முதல் வருடத்துக்கு ஒரு மணியாக, மூன்று வருடத்தில். மூன்றாவது மணி குறையும் கல்வியாண்டு 2020-ல் தொடங்கியபோது நியூயார்க் கல்லூரிகளின் வகுப்பறைகள் கொரோனாவால் பூட்டிக் கிடந்தன. ஆசிரியர்கள் வீட்டுச் சமையலறையிலும் படுக்கையறையிலும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள்.